தானாக நிரம்பிய ‘இல்லை’

நீளமான படிவம் யாருக்கும் பிடிப்பதில்லை, மேடம். விசாரணைக்கென்று நீங்கள் கொண்டுவந்திருப்பதே ஒன்பது பக்கம். ஐந்தாவதிலேயே உங்களுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

என் மென்பொருள் அந்தக் கொட்டாவிக்குத்தான் மருந்து. சர்க்கரைக்கு ஒரு கேள்வித் தொகுதி, மூச்சிரைப்புக்கு ஒன்று, பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கு ஒன்று. எந்த ஊருக்கு எது வேண்டுமோ அதைக் கோத்துக்கொண்டால் படிவம் தயார். திருப்பனந்தாள் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர் சுமையா டேப்லெட்டும் கையுமாக வீடு வீடாகப் போய்க் கேட்டார். ‘ஆமாம்’ என்றவர்களின் பெயர் பட்டியலில் ஏறும். மருத்துவ முகாமில் அவர்களைப் பார்ப்பார்கள்.

“பகலவன் சார், உங்க கேள்வி முடியறதுக்குள்ள அங்க நடவே முடிஞ்சிடுது,” என்று சிரிப்பார் சுமையா.

எனக்குச் சுருக்கென்றது. பூச்சிமருந்துத் தொகுதிதான் நீளம். தலைசுற்றல் உண்டா என்பதற்கு ‘ஆமாம்’ என்றால் இன்னும் பதினாறு கேள்விகள் திறக்கும். அதை எடுத்துவிட்டால் டாக்டர்கள் ஏனென்று கேட்பார்கள். அதனால் எடுக்கவில்லை. திரையில் தெரியாமல் மறைத்துவிட்டு, பதில் ‘இல்லை’ என்று தானாக நிரம்பும்படி செய்தேன். நாற்பது நிமிடம் பதினொன்றானது. அதைப் பற்றிச் சென்னையில் ஒரு கூட்டத்தில் வந்து பேசச் சொன்னார்கள்.

மூன்றாம் வாரம் சுமையா போன் செய்தார். “மருந்தடிக்கிற கேள்விய காணும் சார். வீரையன் அண்ணன் வயல்லயே மயங்கி மயங்கி விழறாரு. முகாமுக்குப் போனா லிஸ்ட்ல பேரு இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அத மறுபடி வச்சிடுங்க சார்.”

“சென்னைக் கூட்டம் முடியட்டும்மா. பத்தே நாள்.”

பத்து நாள் ஒரு பெரிய விஷயமா, நீங்களே சொல்லுங்கள். வீரையன் ஆறாம் நாள் வாய்க்கால் கரையில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

கூட்டம் நன்றாகவே நடந்தது. திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கேள்வியை வைத்துவிட்டேன். நான் சொன்ன சொல் தவறுவதில்லை. கூடவே, வீரையனின் ‘இல்லை’யைச் சுமையாவே அழுத்தியதாகப் பதிவில் மாற்றினேன். யாராவது அழுத்தியிருக்க வேண்டுமே. கேட்காமலே நிரப்பிவிட்டார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

“உங்ககிட்ட சொன்னேனே சார்,” என்று வந்து நின்றார்.

“சொன்னீங்கம்மா. நான் இல்லன்னு சொல்லலையே,” என்றேன். காபி வரவழைத்தேன்; அவர் குடிக்கவில்லை.

வேறெங்காவது வேலைக்குப் போனால் நற்சான்றுக் கடிதம் நானே தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நேர்மையானவர் என்று எழுதுவேன். கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு, மேடம், நம்மைப் போன்றவர்கள்தானே ஒத்தாசை செய்ய வேண்டும்.