பின்வாசலில் திரும்பிய மூட்டைகள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் வரும்போது எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டது, மாஜிஸ்திரேட் அம்மா. கூட வந்த போலீஸ்காரப் பெண்தான் எழுந்து கொடுத்தாள். நல்ல பிள்ளை. கோர்ட் வாசலில் டீயும் வாங்கித் தந்தாள்.

யாராவது மிரட்டினார்களா, அடித்தார்களா என்று கேட்டீர்கள். இல்லை. போலீஸை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னீர்கள். அதற்கும் அவசியமில்லை. அவர்கள் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். டைப் அடிக்கிற அம்மாவுக்காக நிதானமாகச் சொல்கிறேன். என் பெயர் சண்முகத்தாய். வயது நாற்பத்தெட்டு. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. நூல் மில்லில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். இப்போது மகளிர் குழுத் தலைவி.

அந்த மில்லை எங்கள் ஊரில் சங்கு மில் என்பார்கள். ஷிப்ட் மாறும்போது ஊதும் சங்கைக் கேட்டுத்தான் எங்கள் தெருவில் உலை வைப்போம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவோம். மூன்று வருடத்துக்கு முன்னால், பஞ்சு விலை கட்டவில்லை, நூலுக்கு ஆர்டர் இல்லை என்று கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டிப் பூட்டிவிட்டார்கள். முந்நூறு பேர் வேலை போயிற்று. சிலர் திருப்பூருக்குப் போனார்கள், சிலர் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போனார்கள். டிவியில் மட்டும் தினமும் தொழில் எழுந்துவிட்டது, பொருளாதாரம் எழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எந்திருச்சிருச்சுன்னா எங்கட்டி நிக்குது? எனக்குக் கொஞ்சம் காட்டச் சொல்லு" என்பாள் வெள்ளத்தாய்.

அவளைப் பற்றித்தான் நீங்கள் கேட்கப் போகிறீர்கள். வெள்ளத்தாய் என் சிநேகிதி. ஒரே நாளில் மில்லில் சேர்ந்தோம். நான் ஸ்பின்னிங், அவள் பேக்கிங். நூல் கண்டுகளைச் சாக்கில் அடுக்கி வாய் தைப்பது அவள் வேலை. புருஷன் இறந்தபின் தனியாக இருந்தாள். மகள் யோகேஸ்வரியைக் கூமாப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தாள். பஞ்சுத் தூசி அவள் நெஞ்சில் இறங்கி இளைப்பு வந்துவிட்டது. வாயில் வைத்து அழுத்தி இழுக்கிற மருந்து ஒன்றை எப்போதும் கையோடு வைத்திருப்பாள்.

இந்தத் தேர்தலில் மில் முதலாளியின் மகன் கௌதம்ராஜ் நின்றார். கட்சிக்கு எவ்வளவு கொடுத்து சீட் வாங்கினார் என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு அது வேண்டாத பேச்சு. அவர் என் வீட்டுக்கு வந்தார், அம்மா. நாற்காலி போட்டும் உட்காராமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, மில்லத் திறக்கப் போறேன். நீங்க இல்லாம முடியாது. பத்துக் குழுவும் உங்க பேச்சத்தான் கேக்கும். திறந்தா லேடீஸ் செக்சனுக்கு நீங்கதான் சூப்பர்வைசர்" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குடும்பத்தில் யாரும் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. சொன்னபடி, ஓட்டுக்கு நாற்பது நாள் இருக்கும்போது சங்கு ஊதியது. தெருவே வாசலுக்கு வந்து நின்று அழுதது. நானும் அழுதேன். எண்பது பேரை வேலைக்கு எடுத்தார்கள். யாரை எடுப்பது என்று என்னிடம்தான் கேட்டார்கள். வெள்ளத்தாயை முதல் ஆளாகச் சேர்த்துவிட்டேன்.

பிறகு ஓட்டுக்குப் பணம் கொடுக்கிற வேலை வந்தது. இதை மறைக்க ஒன்றுமில்லை. எல்லாக் கட்சியும் கொடுத்தது. ஆளுக்கு இரண்டாயிரம். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு, மனசுக்குப் பிடித்த இடத்தில் குத்திவிட்டு வருவார்கள். கௌதம்ராஜின் ஆட்களுக்கு அதுதான் பயம். அந்த யோசனையைச் சொன்னது நான்தான்.

ஓட்டுக்கு முந்தின வாரம் எங்கள் அம்மனுக்குச் சித்திரைப் பொங்கல் சாட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிக்கொண்டவர்கள், ஓட்டுக்கு அடுத்த வாரம் பொங்கல் முடியும்வரை வெளியூரில் ராத் தங்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, சொன்ன வாக்கை மீறக் கூடாது. தீச்சட்டி எடுப்பவர்கள்தான் வழக்கமாகக் கட்டுவார்கள். இந்த வருடம் குழுப் பெண்கள் நூற்று நாற்பது பேரும் கட்டட்டும் என்றேன். மில் திறந்ததும் சுற்றிய முதல் நூலை வாங்கி, மஞ்சளில் நனைத்து, கோயிலில் வைத்து ஒவ்வொருத்தி கையிலும் நானே கட்டினேன். கட்டும்போது மில்லுக்காக ஓட்டுப் போடுவேன் என்று சொல்ல வைத்தேன். பணத்தை அதற்குப் பிறகுதான் கொடுத்தேன். கௌதம்ராஜ் கேட்டுவிட்டு, இது எந்தக் கட்சிக்காரனுக்கும் தோன்றாத யோசனை என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஓட்டு வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமையிலிருந்து மில்லுக்கு லீவு விட்டிருந்தார்கள். அன்றைக்கு மத்தியானம் வெள்ளத்தாய் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏட்டி சம்முகம், நேத்து நான் வாய் தச்ச மூட்டைய இன்னைக்குக் காலைல நானே எறக்குனேன்" என்றாள்.

"லீவு விட்டாச்சே, ஒன்ன யாரு கூப்பிட்டா?"

"மொக்கைச்சாமி கூப்பிட்டான். முன்வாசல்ல லாரியில ஏத்தி ஊரச் சுத்திக் காட்டிட்டு, பின்வாசல் வழியா உள்ள கொண்டாந்து எறக்குறாக. என் தையல் எனக்குத் தெரியாதாட்டி? நாப்பது நாளா இப்பிடித்தான் மூட்ட போயிட்டுத் திரும்பி வருதாம். நூலு ஒரு கிலோ விக்கல. மிசினெல்லாம் வித்தாச்சாம். வாங்குன ஆளு சீட்டு ஒட்டிட்டுப் போயிருக்கான்."

மொக்கைச்சாமி என்பவன் மில்லின் வாட்ச்மேன். குடித்தால் எல்லாவற்றையும் உளறுகிறவன்.

"இப்ப என்ன செய்யணுங்கிற?" என்று கேட்டேன்.

"சாயங்காலம் முளைப்பாரிக்குப் பொம்பளையளு கோயிலுக்கு வருவாகல்ல? அங்க சொல்லப் போறேன். காப்ப அவுத்துப் போடுங்க, அம்மன் கோவிச்சுக்கிட மாட்டா, பொய்யில கட்டுன காப்பு காப்பே இல்லன்னு சொல்லப் போறேன்."

என் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று நீங்கள் யோசிக்க வேண்டும். இருபத்தைந்து வருடப் பழக்கம். அவள் பிரசவத்துக்குத் துணைக்கு நின்றவள் நான். அவள் வேலைக்குச் சிபாரிசு செய்தவளும் நான். என்னை நூற்று நாற்பது பேர் நடுவில் பொய்க்காரியாக நிறுத்தப் போகிறேன் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். இதைவிடத் துரோகம் எது? ரெண்டு நாள் பொறுத்துக்கொள்ளேன் என்று கேட்டேன். ரெண்டே நாள். முடியாது என்றாள்.

அதனால், அந்த மூட்டைகளைக் காட்டு, நானும் பார்க்கிறேன் என்று சொல்லி மில்லுக்குக் கூட்டிப் போனேன். பின்வாசல் சாவியும் உள்ளே கிட்டங்கிச் சாவியும் என்னிடம் இருந்தன. சூப்பர்வைசர் ஆகப் போகிறவள் என்று கொடுத்து வைத்திருந்தார்கள். மொக்கைச்சாமி லீவு விட்டதிலிருந்து முன்வாசலில் குடித்துவிட்டுக் கிடந்தான். மூட்டைகள் கழிவுப் பஞ்சு போட்டு வைக்கிற அந்தக் கிட்டங்கியில் இருந்தன. அவள் முன்னால் போனாள். ஒவ்வொரு மூட்டையாகத் தையலைத் தடவித் தடவிக் காட்டினாள். அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. நான் அவள் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டேன், மூட்டையைப் புரட்ட அவளுக்கு ரெண்டு கையும் வேண்டியிருந்தது. பிறகு வெளியே வந்து இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் திறந்துவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன். இதைத் தயவுசெய்து அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

போனுக்காகத்தான் பையை எடுத்தேன். மருந்தும் அதில் இருந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. புதன்கிழமை காலையில் தண்ணீரும் பிஸ்கட்டும் கொண்டுபோனேன். மருந்தைக் கொடுக்க வழியில்லை. கதவைத் திறந்தால் ஓடி வந்துவிடுவாள்.

தெருவில் கேட்டவர்களிடம், மகள் வீட்டுக்குக் கூமாப்பட்டிக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. எல்லாரும் வாயைப் பிளந்துவிட்டார்கள். காப்புக் கட்டின கையோடு வெளியூரில் ராத் தங்கப் போய்விட்டாளா என்று கேட்டார்கள். அவள் வீட்டுப் பக்கம் திரும்பி மண்ணை வாரி இறைத்தாள் ஒருத்தி. நான் மறுக்கவில்லை. ஒருத்தி காப்பை மீறிவிட்டாள் என்றதும் மற்றவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. நாமாவது ஒழுங்காக இருப்போம் என்று வியாழக்கிழமை விடியுமுன்னே பூத்தில் வரிசையில் நின்றார்கள். எங்கள் பூத்தில் கௌதம்ராஜுக்கு விழுந்த ஓட்டைப் போல வேறு எங்கும் விழவில்லை. வெள்ளத்தாயின் பையிலிருந்த இரண்டாயிரத்தை மட்டும் கட்சி ஏஜென்டிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போடாத ஓட்டுக்குக் காசு வைத்துக்கொள்வது எனக்கு ஆகாது.

ஓட்டு முடிந்ததும் நேரே மில்லுக்குப் போனேன். கதவைத் திறந்தேன். அவள் கதவை ஒட்டியே கிடந்தாள். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சேலையைச் சரிசெய்துவிட்டேன். பிறகு பூட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் யோகேஸ்வரி போன் பண்ணினாள்.

"பெரியம்மா, அம்மா போன் மூணு நாளா ஆப்பாவே இருக்கு. எங்க போனா?"

"மில்லுக்காரவிய கோயம்புத்தூருக்கு டிரெய்னிங் கூட்டிட்டுப் போயிருக்காக தாயி. ஒரு வாரத்துல வந்திருவா."

அவள் அதோடு விடவில்லை.

"காப்புக் கட்டிட்டு அம்மா எப்பிடி பெரியம்மா போவா? போன வாரம் என் வளைகாப்புக்கே ராத் தங்கமாட்டேன்னு கடைசி பஸ்ஸப் பிடிச்சுப் போனவ அவ."

காப்பைக் கட்டிவிட்டவளே நான். ரெண்டு தடவையும் எனக்கு வெளியூர் என்றுதான் பொய் சொல்ல வந்தது. யோகேஸ்வரி அன்றைக்கே வந்து ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். திங்கட்கிழமை மெஷின் கழற்ற வந்த லாரிக்காரர்கள் கிட்டங்கிப் பூட்டை உடைத்துத் திறந்தார்கள்.

மெஷின் விற்றது எனக்கு வெள்ளத்தாய் சொல்லித்தான் தெரியுமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். இல்லை, அம்மா. சங்கு ஊதிய வாரமே தெரியும். கௌதம்ராஜ் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என் முன்னாலேயே மேனேஜரிடம் தெலுங்கில், தேர்தல் முடிகிறவரை மெஷினை ஓட்டு, பிறகு கழற்றிக்கொடு என்றார். எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் அந்தப் பாஷையில் திட்டு வாங்கியவளுக்குப் புரியாதா? ஆனாலும் நம்பினேன். நாங்கள் ஜெயிக்க வைத்தால், எங்கள் முகத்தைப் பார்த்தாவது அவருக்கு மனசு மாறும், விற்றதை நிறுத்துவார் என்று நம்பினேன். ஜெயித்துவிட்டார். அன்றைக்கு நான் ஸ்டேஷனில் இருந்தேன். ஒரே ஒரு போன் பண்ணலாம் என்றார்கள். அவருக்குத்தான் பண்ணினேன். எடுத்து, எந்தச் சண்முகத்தாய் என்று கேட்டார்.

அவரும் ஏமாற்றினார், வெள்ளத்தாயும் கைவிட்டாள். ரெண்டு பக்கமும் நான்தான் அடிபட்டேன். போகட்டும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. மருந்தைக் கொடுக்க வழியில்லை என்று சொன்னேன் அல்லவா? அதைத் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இரும்புக் கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தது. தண்ணீர்ப் பாட்டிலை அந்த வழியாகத்தான் உருட்டிவிட்டேன். அவள் பாட்டிலைத் தொடவில்லை. விரலை மட்டும் வெளியே நீட்டினாள்.

"தண்ணி வேண்டாம் சம்முகம். மருந்த மட்டும் குடுட்டி. நான் யாருட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள்.

மருந்து என் இடுப்பில்தான் இருந்தது. கொடுத்திருந்தால் மூச்சு வந்திருக்கும். மூச்சு வந்திருந்தால் கத்தியிருப்பாள். சொல்லமாட்டேன் என்றாள், ஆனால் ஒருமுறை நம்பிக்கை போய்விட்டால் போனதுதானே. நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் சாவாள் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆமாம், நான்தான் கொன்றேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் நீங்கள் படித்தவர், அம்மா, நீங்களே சொல்லுங்கள். அந்த மில் மட்டும் நிஜமாகத் திறந்திருந்தால், வெள்ளத்தாய்க்குப் பெர்மனென்ட் ஆர்டர் வாங்கிக் கொடுக்காமல் நான் ஓய்ந்திருப்பேனா?