நாத்தம் வர்ற வரைக்கும் வாங்க

மணி மதியம் இரண்டேகால்.

பேய்க்கு நடுநிசிதான் வேலை நேரம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நடுநிசியில் காற்று குளிர்ந்துவிடும்... எதுவும் அவ்வளவாக நாறாது. வெயில் உச்சிக்கு ஏறி, கொஞ்சம் சாய்ந்து, தரையெல்லாம் கொதிக்கிற நேரத்தில்தான் ஒவ்வொன்றும் தன் நாற்றத்தை வெளியே விடும். இந்தக் கதைக்குக் கண் தேவையில்லை, மூக்குப் போதும். அந்தக் கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் இறங்காது.

மொத்த வியாபார மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓடுகிற சாலை அது. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கிற கிடங்குகள். மறுபக்கம் நீளமாக ஒரு மதில். நிழல் இல்லை, ஆள் இல்லை. ஒரே ஒரு பைக். அதன்மேல் உட்கார்ந்து போனை முறைத்துக்கொண்டிருந்தவன் என் நண்பருக்கு மச்சினன்... அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை.

கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் சோப்பு. பைக் பெட்டியில் ஒரு டப்பாவில் சோப்புக் கட்டியும், ஒரு பாட்டில் தண்ணீரும் எப்போதும் இருக்கும். ஒரு வீட்டில் பொட்டலத்தைக் கொடுத்தால் கை கழுவுவான். கதவைத் தொட்டால் கழுவுவான். யாராவது கை குலுக்கிவிட்டால் முழங்கை வரைக்கும் கழுவுவான். அவன் கல்யாணத்தன்று வந்தவர்கள் எல்லாம் கை கொடுத்துவிட்டுப் போக, மாப்பிள்ளை பாதி நேரம் குழாயடியில்தான் நின்றானாம். நண்பர் சத்தியம் பண்ணிச் சொல்கிறார். அவர் சத்தியத்தை நான் நம்புவதில்லை, இதை நம்புகிறேன்.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம். "ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் ஒரு புகார் விழும். மூன்று விழுந்தால் ஐடியைப் பூட்டிவிடுவார்கள். அதோடு வேலை போச்சு. சோப்புக்கு ஏற்கெனவே இரண்டு. இரண்டுமே விலாசம் சொல்லத் தெரியாத ஜென்மங்களால் விழுந்தவை. ஒருத்தர் நீல கேட் என்றார். அந்தக் கேட்டுக்குப் போன வருஷமே பழுப்புப் பெயின்ட் அடித்தாயிற்று, அவருக்கு மட்டும் அது இன்னும் நீலமாகவே தெரிந்துகொண்டிருந்தது. இன்னொரு அம்மா, மாமா கடைக்கு எதிர் வீடு என்றாள். எந்த மாமா என்று கேட்டதற்கு, "எங்க மாமாதாங்க" என்று கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.

மூன்றாவதும் விழுந்தால் மனைவியையும் மூன்று மாதக் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டு முன்னறையில் போய்ப் படுக்க வேண்டியதுதான். என் நண்பரின் குறட்டையைக் கேட்டவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று தெரியும்.

அன்றைக்கு வந்த ஆர்டர், எலும்பு சூப். விலாசம் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தது: "குப்பைத் தொட்டி கிட்ட. வந்துட்டுக் கூப்பிடவும்." மேப்பில் சிவப்புப் புள்ளி அந்த நீள மதிலின் நட்டநடுவில் நின்றது. புள்ளிக்கு வீடு இல்லை, கதவு இல்லை, சந்துகூட இல்லை.

கூப்பிட்டான்.

மணி அடிக்கவே இல்லை... எடுத்தாயிற்று. ஆம்பளைக் குரலா பொம்பளைக் குரலா என்று தெரியவில்லை. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு, விழுங்காமல், துப்பாமல் பேசுகிற குரல்.

"வந்துட்டீங்களா. நாத்தம் வருதா?"

சோப்புக்குப் புரியவில்லை. வீட்டு நம்பர் என்ன என்று கேட்டான். அந்தக் குரல் நம்பரைக் காதிலேயே வாங்கவில்லை.

"புளிச்ச நாத்தமா... அழுகின நாத்தமா?"

வேறு யாராக இருந்தாலும் நாலு வார்த்தை திட்டியிருப்பான். மூன்றாவது புகாரை நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்த்தான்.

"அழுகினதுங்க."

"அப்ப தாண்டிட்டீங்க. புளிச்ச நாத்தம் வர்ற வரைக்கும் திரும்பி வாங்க. அங்கேருந்து இடது பக்கம்."

பைக்கைத் தள்ளிக்கொண்டே திரும்பினான். கிடங்குகள் முடிகிற இடத்தில் ஒரு குப்பைத் தொட்டி. நிரம்பி வழிந்து, அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிந்து, வெயிலில் நுரை கட்டிக் கிடந்தது. புளித்த நாற்றம். கள்ளும் வாந்தியும் கலந்த மாதிரி. அதற்குப் பக்கத்தில், சற்றுமுன் அவன் தாண்டி வந்தபோது இல்லாத ஒரு சந்து.

இருந்திருக்கும், கவனித்திருக்க மாட்டோம் என்று நினைத்துக்கொண்டான். வேலை அவசரத்தில் மனுஷன் அப்படித்தான் நினைப்பான்.

பைக் நுழையாது. சூப்பை எடுத்துக்கொண்டு நடந்தான். போன் காதில்.

"நாய் கிடக்கும். தாண்டி வாங்க."

கிடந்தது. வயிறு உப்பி, பளபளவென்று. தாண்டினான். பின்னால் 'புஸ்' என்று ஒரு சத்தம்... காற்று இறங்குகிற மாதிரி. திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப சுவத்தைத் தொட்டுக்கிட்டே வாங்க. ஈரமா இருக்கிற எடத்துல நில்லுங்க."

சுவர் முழுக்க எச்சில் துப்பி, காய்ந்து, அதன்மேல் மறுபடி துப்பிய கறை. சோப்பு தொடவில்லை. தொடாமலே தொட்டுவிட்டேன் என்று பொய் சொன்னான்.

"தொடலைங்களே," என்றது குரல். கோபமாகச் சொல்லவில்லை. ருசி சரியில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னது.

ஒரு விரலை வைத்தான். ஒரே ஒரு விரல்... நுனி மட்டும். வழவழவென்று, வெதுவெதுவென்று இருந்தது. நாக்கைத் தொட்ட மாதிரி. நண்பரிடம் இதைச் சொல்லும்போது அந்த விரலைத் தனியாக நீட்டி வைத்துக்கொண்டே சொன்னானாம்.

சந்து அங்கேயே முடிந்துவிட்டது. எதிரில் வெறும் சுவர். வீடு இல்லை. சுவரடியில் ஒரு குவியல், முழங்கால் உயரத்துக்கு. எல்லாம் சாப்பாட்டுப் பொட்டலங்கள். இவன் கம்பெனி, வேறு கம்பெனி, இழுத்து மூடிவிட்ட பழைய கம்பெனி எல்லாமே இருந்தன. மேலே இருந்தவை ஊதிப் பருத்து, முடிச்சுப் போட்ட வாய் வழியாக மஞ்சளாக வடிந்துகொண்டிருந்தன. அடியில் இருந்தவை ஒன்றாகக் கூழாகிவிட்டன. வெள்ளைப் புழுக்கள் சோற்றுப் பருக்கை மாதிரி நெளிந்தன... இல்லை, சோற்றுப் பருக்கைதான் புழு மாதிரி கிடந்ததோ. இரண்டில் ஏதோ ஒன்று நகர்ந்தது. ஈக்கள் பறக்கவில்லை. பறக்க முடியாத அளவுக்குத் தின்றிருந்தன.

"வீடு எங்கங்க?" என்றான்.

கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம் மட்டும்.

"எனக்கும் தெரியலீங்க. வர்றவங்க எல்லாம் என்கிட்டயே கேக்குறாங்க. அப்புறம் இங்கயே வச்சுட்டு ஓடிடுறாங்க. ஒருத்தராவது எனக்கு வீட்டைக் காட்டலாம் இல்ல?"

இதைக் குரல் போனில்தான் சொன்னது. ஆனால் கடைசி இரண்டு வார்த்தைக்குக் குவியலின் உச்சியில் இருந்த பொட்டலம் ஒன்று உள்ளேயிருந்து உப்பி அமுங்கியது.

சோப்பு ஓடினான். நாயைத் தாண்டவில்லை, மிதித்துவிட்டே ஓடினான். எப்படிப் பைக்கை எடுத்தான், எந்த வழியாக வந்தான் என்று அவனுக்கே தெரியாது. தன் வீட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் கையில் சூப் இன்னும் இருப்பதைப் பார்த்தான்.

அவன் குடியிருந்தது ஒரு மாடி வீடு. படிக்கட்டுக்குக் கீழே ஒரு குழாய், பக்கத்திலேயே சாக்கடைக் குழி, அதன்மேல் இரும்புச் சல்லடை. அந்தக் குழாயில் கை கால் கழுவாமல் மாடி ஏறியதே இல்லை. குழந்தை பிறந்த பிறகு சட்டையையும் அங்கேயே கழற்றிவிடுவான். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வீசினான். பாதிக் கட்டி கரைகிற வரைக்கும் தேய்த்தான். விரல் நுனியைக் கல்லில் தேய்த்தான். மேலே சோப்பு வாசனைதான், ஆனால் அடியில் இன்னொரு நாற்றம் நின்றுகொண்டே இருந்தது.

போன் கத்த ஆரம்பித்தது. ஆர்டர் தாமதம்.

கொடுத்தாயிற்று என்று அழுத்தினான். எடுத்துக்கொள்ளவில்லை. கஸ்டமரின் புள்ளிக்குப் பக்கத்தில் நின்றால்தான் அந்தப் பட்டன் வேலை செய்யும். புள்ளியோ அந்த மதிலில் இருக்கிறது. திருப்பிக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் மூன்றாவது புகார். மறுபடி அந்தச் சந்துக்குப் போக அவன் தயாராக இல்லை.

இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி தெரியும். கஸ்டமரின் புள்ளி தப்பான இடத்தில் இருந்தால், சரியான வாசலில் நின்றுகொண்டு "இதுதான் இடம்" என்று ஒரு பட்டனை அழுத்தலாம். புள்ளி அங்கே மாறிவிடும். அடுத்து வருகிறவன் அலைய வேண்டாம் என்று நல்லதுக்காக வைத்த பட்டன் அது. வாசல் கிடைக்காவிட்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? நின்ற இடத்திலேயே அதை அழுத்திவிட்டு, கொடுத்தாயிற்று என்று முடித்துவிடுவார்கள். கஸ்டமரின் வீடு டீக்கடைக்கோ, பெட்ரோல் பங்குக்கோ குடிபோய்விடும். சோப்பு அதுவரை ஒருதடவைகூட அப்படிச் செய்ததில்லை. அன்றைக்குச் செய்தான்.

நுரை வடிகிற கட்டைவிரலால் அழுத்தினான். புள்ளி மாறியது. பச்சை டிக் விழுந்தது. வேலை தப்பியது. சூப்பைச் சல்லடையில் கவிழ்த்தான். சாறு இறங்கிவிட்டது. நாலைந்து எலும்புத் துண்டுகள் மட்டும் கம்பிமேல் நின்றன. அவற்றைத் தொட்டு எடுக்க மனம் வரவில்லை. காக்கை கொண்டுபோகட்டும் என்று விட்டுவிட்டான்.

போனில் கஸ்டமர் போட்ட ஸ்டார் வந்து விழுந்தது. ஐந்து. கீழே ஒரு வரி.

"வீடு சுத்தமா இருக்கு. நன்றி."

எந்த வீடு என்று அவன் யோசிக்கவில்லை. மாசக்கணக்கில் நாலுக்கே அல்லாடுகிறவனுக்கு ஐந்து ஸ்டார் வந்தால் கண்ணை மறைக்கத்தான் செய்யும்.

ராத்திரி மனைவிதான் ஆரம்பித்தாள். "ஏங்க, எதையாவது மிதிச்சுட்டு வந்தீங்களா?" பூட்ஸ் கீழேயே கிடக்கிறது என்றான். அவள் நம்பாமல் அவன் காலை மோந்து பார்த்தாள். காலில் இல்லை. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், எலி செத்திருக்குமோ என்று இருவரும் தேடினார்கள். அவள் முன்னறைக்குப் போனால் நாற்றம் உள்ளறையில் இருந்தது. உள்ளறைக்கு வந்தால் சமையலறையில் இருந்தது. வீடு சுற்றிப் பார்க்கிற மாதிரி.

காலையில் சல்லடைமேல் எலும்பு இல்லை. காக்கைதான் என்று சோப்பு நினைத்துக்கொண்டான்.

அன்றைக்கு அவனுக்கு லீவு. மதியம் மனைவி துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள். குழந்தை உள்ளறையில் அழுதது. எழுந்து போகலாம் என்று அவன் நினைப்பதற்குள் அழுகை நின்றுவிட்டது. சரி, தூங்கிவிட்டது. மறுபடி சாய்ந்தான்.

காலிங் பெல்.

திறந்தால், இவன் கம்பெனிச் சட்டையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர். கையில் பொட்டலம். வேர்த்து ஒழுகுகிற முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"எலும்பு சூப், தம்பி."

நாங்கள் எதுவும் ஆர்டர் பண்ணவில்லை என்றான் சோப்பு. அவர் போனைத் திருப்பிக் காட்டினார். சிவப்புப் புள்ளி இவன் வீட்டுப் படிக்கட்டின்மேல் அசையாமல் நின்றது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, நேற்று எந்த இடத்தில் நின்றுகொண்டு அந்தப் பட்டனை அழுத்தினோம் என்று.

மீசைக்காரர் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனார். இத்தனை வருஷமாக ஓட்டுகிறாராம், இவ்வளவு தெளிவாக வழி சொன்ன கஸ்டமரைப் பார்த்ததே இல்லையாம்.

"சோப்பு வாசனை வர்ற வரைக்கும் நேரா வாங்க, படிக்குக் கீழ ஈர பூட்ஸ் கிடக்கும், அதைத் தாண்டி மேல ஏறுங்கன்னாங்க. ஒரு எடத்துலகூட நிக்க வேண்டி வரலை, தம்பி. வாயில எதையோ வச்சுக்கிட்டுப் பேசுறாங்க, அதுதான் கொஞ்சம் புரியலை."

சோப்பு கதவைப் பிடித்துக்கொண்டான். பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, அந்த நாற்றம் வந்து பிடரியைத் தொட்டது. வெதுவெதுவென்று.

"உள்ள கொண்டுபோய்க் குடுத்துடுங்க தம்பி," என்று பொட்டலத்தை நீட்டினார் மீசைக்காரர். "கதவை மெதுவாத் திறக்கச் சொன்னாங்க. பாப்பா மடியில தூங்குதாம்."

உள்ளறைக்கு எப்படிப் போனான் என்பது அவனுக்கு நினைவில்லை. கட்டில்மேல் குழந்தை மட்டும்தான் இருந்தது. வேறு யாரும் இல்லை... நல்ல தூக்கம். பக்கத்தில் விரிப்பு ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்குக் குழிந்து, நனைந்து, மஞ்சளாக இருந்தது. குழந்தையின் உதட்டிலும் மோவாயிலும் கொழுப்புப் பிசுக்கு மினுங்கியது. வலது கையை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு விரலாகப் பிரித்தான்.

உள்ளே ஒரு எலும்புத் துண்டு. சுத்தமாகச் சப்பி, உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்த எலும்பு. அதன்மேல் வரிசையாகப் பல் பதிந்திருந்தது.

அந்தக் குழந்தைக்கு அப்போது ஒரு பல்கூட முளைத்திருக்கவில்லை.

எலும்பை அவன் எடுத்ததும், தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்து... வெறும் வாயை மெல்ல ஆரம்பித்தது.