எதையோ அமுக்கிட்டேன்

ரிமோட்டுக்கு பேட்டரியைத் தலைகீழாகப் போடுகிற ஆள் நான். எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம். குக்கர் மூடியை நான் தொட்டாலே என் மனைவி ஓடி வருவாள். எங்களோடு இருந்த அவளுடைய அப்பா, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், "மாப்ள, நீங்க சும்மா இருந்தாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்பார். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது?

டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று என்று வீட்டில் மூன்று ரிமோட். மூன்றும் மாமாவின் மடியில். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ரிமோட் வாங்கி வந்தேன். அதை நம் டிவிக்குப் பழக்க வேண்டும். செட் பட்டனைச் சிவப்பு விளக்கு எரியும்வரை பிடித்துவிட்டு, பவர் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் அது ஒரு கோட் நம்பரை அனுப்பிப் பார்க்கும். டிவி அணைந்தால் சரியான நம்பர் சிக்கிவிட்டது என்று அர்த்தம். மாமா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, விரல் மரத்துப்போகத் தட்டினேன். டிவி அணைந்தது.

துள்ளிக் குதித்திருப்பேன். அதற்குள் மாமா தன் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்து, "நான் எதையாவது அமுக்கிட்டேனா மாப்ள?" என்றார்.

அவர் தன்மேல் சந்தேகப்பட்டு நான் பார்த்ததே இல்லை. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமா மாமா, அமுக்கிட்டீங்க" என்று வந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க" என்றார். அன்று எனக்குச் சாப்பாடு ருசித்தது.

புது ரிமோட் எனக்குச் சரிப்படவில்லை, கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலையெல்லாம்?" என்றாள். சந்தேகமே வரவில்லை. மக்காக இருப்பதில் அப்படி ஒரு வசதி.

அதன்பிறகு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. செய்தித்தாளுக்கு அடியிலிருந்து சேனலை மாற்றுவேன். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன். மாமா காது டாக்டரிடம் போனார். காதில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அதற்குத்தான் அவர் அதிகம் பயந்தார். குளியலறைக்குள் நின்று பதினேழாம் வாய்பாட்டைத் தனக்குத்தானே ஒப்பித்துப் பார்ப்பது வெளியே கேட்கும். ஒரு பிசகும் இருக்காது.

மனைவி அழுதாள். நான் தேற்றினேன். கடைசியில் அவரே சொன்னார்: "கேஸை மூடாம விட்டு உங்களுக்கு ஏதாவது ஆயிடப்போகுது மாப்ள. என்னை எங்கயாவது சேர்த்துடுங்க." முதியோர் இல்லத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். பெட்டியைக்கூட அவரைத் தூக்கவிடவில்லை.

வாராவாரம் போய்ப் பார்க்கிறேன். பெற்ற பிள்ளைகூட இப்படி வரமாட்டான் என்கிறார்கள். அங்கே கூடத்தில் இருக்கும் டிவி வேறு கம்பெனி. கோட் நம்பரைத் தேடக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. போன வாரம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது அணைந்தது. மாமா எழுந்து நின்று, "மன்னிச்சுக்குங்க, நான்தான் எதையோ அமுக்கிட்டேன்" என்றார்.

அவர் கையில் ரிமோட்டே இல்லை.

எனக்கு அப்போதுதான் மனசு லேசானது. மனுஷனுக்கு நிஜமாகவே புத்தி தடுமாறிவிட்டது. நல்லவேளை, நாங்கள் முன்கூட்டியே கவனித்துச் சேர்த்துவிட்டோம்.