கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு கணிதப் புத்தகம்

அளவற்ற அருளாளனின் திருநாமம் சொல்லித் தொடங்குகிறேன். சாய்ந்தமருது மண்ணில், நம் வாசிகசாலையின் ஆண்டு நிறைவு மேடையில் தலைமை தாங்கும் பெருந்தகை அபுல் ஹஸன் ஹாஜியார் அவர்களே, மார்க்கம் கற்றுத் தரும் ஆலிம் பெருமக்களே, பெரியநீலாவணையிலிருந்து வெயில் பாராது வந்திருக்கும் ஆசிரிய நண்பர்களே, ஒலிபெருக்கி சரியாக எட்டாத பின்பந்தலில் அமர்த்தப்பட்டிருக்கும் என் தாய்மாரே, சகோதரிகளே, உங்கள் அனைவர் மீதும் ஸலாம் உண்டாகட்டும்.

பிரதி அதிபர் நிஹ்லா வாழ்த்திப் பேசுவார் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். வாழ்த்த வந்தவள் வருந்திப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாடசாலையின் கணித ஆசிரியை ஹாஜறாவை நீங்கள் அறிவீர்கள். முதுமாணிப் பட்டப் படிப்புக்கான தெரிவுப் பரீட்சைக்கு அவர் விண்ணப்பித்தார். அதில் பகுப்பாய்வு இயக்கவியல் என்று ஒரு வினாத்தாள். ஊஞ்சல் ஏன் இப்படி ஆடுகிறது, எறிந்த பந்து ஏன் இப்படிப் போகிறது என்பதை, விசைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழிக்காமல், சக்தியின் கணக்கைக் கொண்டே சொல்லிவிடுகிற உயர்கணிதம் அது. கற்பிக்க ஆளில்லை. தானாகவே படிக்கத் துணிந்தார்.

தேடாத இடம் உண்டா? தட்டாத கதவு உண்டா? கல்முனைப் புத்தகக் கடையில் கேட்டார், பள்ளிப் பிள்ளைகளின் உயர்தரக் கடந்தகால வினாத்தாளை எடுத்து நீட்டினார்கள். இணையத்தில் கேட்டார், ஒருவர் இந்த நூலில் தொடங்கு என்றார், இன்னொருவர் அதைத் தொடவே வேண்டாம் என்றார். காணொளி விரிவுரை பார்த்தார், பேராசிரியர் பலகையை அழிக்கும் வேகத்துக்கு இவருடைய டேட்டா ஓடவில்லை. சிரிக்கிறீர்கள். அவர் என் முன்னால் அழுதார்.

அவருக்கு வேண்டிய புத்தகம் எங்கே இருந்தது? இங்கே இருந்தது! இதோ இந்த வாசிகசாலையின் கண்ணாடி அலுமாரியில் இருந்தது. மர்ஹூம் மிஹ்லார் என்ற பொறியியலாளர் தாமே தட்டுத்தடுமாறிப் படித்த ஆங்கிலப் புத்தகம். விளங்காத ஒவ்வோர் இடத்திலும், விளங்கிய பிறகு, ஓரத்தில் பென்சிலால் தமிழில் விளக்கம் எழுதியிருந்தார். தனியே படிக்கிறவருக்கு வேறென்ன வேண்டும்? அவர் மௌத்தாகிக் கபுறில் அடக்கமானதும் மனைவி ஆயிஷா உம்மா அதை இந்த வாசிகசாலைக்கு வக்பு செய்தார். அல்லாஹ்வுக்காக, பொதுநன்மைக்காக, ஒப்படைத்துவிட்டார்.

ஹாஜறா வந்து இரவல் கேட்டார். செயலாளர் நளீம் தம்பி மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"டீச்சர், இது வக்புக் கிதாபு. வாசலத் தாண்டிப் போகப்படா. நாளைக்கு மறுமையில நாந்தான் பதில் செல்லணும்."

"அப்ப போன்ல ரெண்டு பக்கம் படம் எடுத்துக்கிறனே தம்பி?"

"படமா எடுத்தாலும் வெளியில போறதுதானே டீச்சர்."

இங்கேயே இருந்து படித்திருக்கலாமே என்கிறார் முன்வரிசையில் ஒரு பெரியவர். ஓம் ஐயா, படித்திருக்கலாம். மாலையில், அஸர் தொழுகைக்குப் பிறகு திறக்கிற ஒற்றை அறை, ஒற்றை மேசை, அதைச் சுற்றிப் பத்திரிகை பார்க்கும் ஆண்கள். உங்கள் மகளை அங்கே உட்கார விடுவீர்களா? தலை குனிய வேண்டாம் ஐயா.

நளீம் தம்பியைக் குறை சொல்லவில்லை. அவர் அந்தப் புத்தகத்துக்கு உறை போட்டார், தூசு தட்டினார், கறையானிடமிருந்து காப்பாற்றினார். வாசகரிடமிருந்தும் காப்பாற்றிவிட்டார். பரீட்சை வந்தது. அந்த வினாத்தாளில் ஹாஜறா தோற்றுப்போனார். வயதெல்லை தாண்டிவிட்டதால் மறுமுறை எழுதவும் வழியில்லை. மனம் பொறுக்கவில்லை எனக்கு.

பொறுக்காமல்தான் ஆயிஷா உம்மாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இப்படிக் கேட்டார்:

"அவர்ட கபுறுக்கு நன்மை போய்ச் சேரணும் எண்டுதான் குடுத்தன் மகள். ஆராவது படிச்சாத்தானே சேரும். அப்ப இவ்வளவு காலமும் அந்த மனிசனுக்கு ஒண்டும் போய்ச் சேரல்லையா?"

ஆலிம் பெருமக்களே, இதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். பொருளைக் காத்தோம், பயனைத் தொலைத்தோம். உயிரோடிருந்த பெண்ணுக்கும் கொடுக்கவில்லை, மௌத்தான மனிதருக்கும் கொடுக்கவில்லை.

தலைவர் அவர்களே, ஹாஜறா பின்பந்தலில்தான் இருக்கிறார், ஆயிஷா உம்மாவும் அங்கேதான் இருக்கிறார். ஹாஜறாவுக்கு இனிப் பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, பதவி உயர்வும் இல்லை. இருந்தாலும் அந்தப் பாடத்தைப் படித்துவிட வேண்டும் என்கிறார். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக உங்கள் அனுமதி வேண்டும்.

தலைவர் சம்மதமென்று கையை உயர்த்திவிட்டார். அல்ஹம்துலில்லாஹ். அலுமாரியின் திறப்பு யாரிடம்?

"எங்கிட்டத்தான் இரிக்கி டீச்சர்."

போய்ப் புத்தகத்தை எடுத்து வாருங்கள் நளீம் தம்பி. என் கையில் வேண்டாம், ஆயிஷா உம்மாவின் கையில் கொடுங்கள். அவர் ஹாஜறாவிடம் கொடுக்கட்டும். செவிமடுத்த உங்களுக்கு என் நன்றியும் ஸலாமும். கை தட்டாதீர்கள் சகோதரர்களே, அந்தத் தாய் எழுந்து நடந்து வருகிறார், வழி விடுங்கள்.