குறைவாகத் தள்ளச் சொன்னவர்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, துணை இயக்குநர் அவர்களே, அண்ணன் உயிரோடிருந்தவரை அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் இன்று முன்வரிசையில் கைக்குட்டையோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, என் அண்ணி அவர்களே, பாதைத் திட்டப் பிரிவின் தோழர்களே, வணக்கம்.

எங்கள் தலைமைப் பாதைத் திட்டப் பொறியாளர் மறைந்துவிட்டார். "என் வலக்கரம் போய்விட்டது" என்று சற்று முன் இயக்குநர் கலங்கினார். அந்த வலக்கரத்தை நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தவர் யார்? இதோ, இந்தப் படம் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அவரை ஒரு படம் எடுக்கக்கூட இந்த நிறுவனத்துக்கு மனம் வரவில்லை.

அவரைக் 'குறைச்சல்' என்று கேலி செய்தீர்கள். ஏன்? நம் தொலைநோக்கிக் கலம் போகவிருப்பது, சூரியனின் இழுப்பும் பூமியின் இழுப்பும் கலத்தின் ஓட்டமும் ஈடாகி நிற்கும் சமநிலைப் புள்ளிக்கு. அது மேட்டின் உச்சி மாதிரி. உச்சிக்குச் சற்று முன்னால் நின்ற வண்டியை இன்னும் கொஞ்சம் தள்ளலாம். தாண்டிவிட்டால்? கலத்தைத் திருப்பி எதிர்ப்பக்கம் தள்ள முடியுமா? திருப்பினால் அதன் கண்ணாடி சூரியனைப் பார்க்கும், பாழாகிவிடும். ஆகவே ஏவும்போதே வேண்டுமென்று சற்றுக் குறைவாகத் தள்ளச் சொன்னார் அண்ணன். மிச்சத்தை வழியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்குள் முதல் படம் வந்தாக வேண்டுமாம்.

"முழுசா தள்ளினா சீக்கிரம் போய்ச் சேருமே. எதுக்குய்யா இந்தக் கஞ்சத்தனம்?"

"சார், உப்பு குறைஞ்சா போட்டுக்கலாம். கூடிப்போனா எடுக்க முடியுமா?"

"சமையல் வகுப்பெல்லாம் வீட்டுல வச்சுக்குங்க."

மேசையைச் சுற்றியிருந்த நீங்களெல்லாம் குனிந்து தண்ணீர்க் குவளையைப் பார்த்தீர்கள். ஒருவர் வாயிலிருந்தும் சொல் வரவில்லை. "அவர் சொல்றது சரிதான்" என்றேன் நான். "நீங்க என்ன, குறைச்சலுக்குத் தங்கச்சியா?" என்று சிரித்தார் துணை இயக்குநர். ஆமாம் ஐயா, தங்கைதான். இன்றும் அப்படித்தான் நிற்கிறேன்.

அண்ணன் முழுத் தள்ளலுக்குக் கையெழுத்துப் போட மறுத்தார். எவ்வளவு தள்ளுவது என்று அவர் குறித்த எண் நின்றது, அவர் நாற்காலிதான் நகர்ந்தது.

மருத்துவமனையில் கடைசியாக அண்ணியிடம் என்ன சொன்னார்? வீட்டைப் பற்றியா? மகளைப் பற்றியா? "அந்த எண்ணை மாத்திடாம தங்கச்சியைப் பாத்துக்கச் சொல்லு" என்றாராம். "என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, பாத்தியா" என்று அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதார். எனக்கும் அவர்மேல் கோபம்தான் வந்தது.

அவரை வழியனுப்பிவிட்டு நாங்கள் திரும்புவதற்குள் நீங்கள் எண்ணை மாற்றிவிட்டீர்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைத்தீர்கள் போலும். இப்போது மேடையேறி, கலத்துக்கு அவர் பெயரைச் சூட்டுவதாக அறிவிக்கிறீர்கள். அவர் கணக்கு வேண்டாம், பெயர் மட்டும் வேண்டுமா? நாளை கலம் மேட்டைத் தாண்டி உருண்டோடினால் அது யார் பெயரில் தொலையும்? உங்கள் துணிச்சலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் எல்லோரும் சொல்வார்கள். எப்படித் தொடர்வேன் என்பதையும் நான் சொல்லிவிடுகிறேன். இன்று காலை முதல் அவர் பொறுப்பு என்னிடம். பாதைத் திட்டப் பிரிவின் கையெழுத்து இல்லாமல் ராக்கெட் தரையை விட்டு எழும்பாது. அண்ணனின் எண் திரும்பும்வரை என் கையெழுத்து விழாது. நகல் இயந்திரத்தின் பக்கத்தில் அவர் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. நானே போய் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

அடுத்து மௌன அஞ்சலி என்கிறது நிகழ்ச்சி நிரல். யாரும் எழுந்திருக்க வேண்டாம். அதை அன்றைக்கே அந்த மேசையைச் சுற்றி நீங்கள் செலுத்திவிட்டீர்கள்.