கிழக்குக் காலனி டாட் இன்

அமலா: பேர மாத்த மாட்டேன். போயி சொல்லு உன் மேனேஜர்கிட்ட.

தென்னரசு: அக்கா... சாஃப்ட்வேர் எழுதறவங்க வந்து சந்தேகம் கேக்கற சைட்டு இது. இதுக்குப் போயி ‘கிழக்குக் காலனி’ன்னு யாராவது பேரு வெப்பாங்களா?

அமலா: நான் வெப்பேன். இந்தக் காலனியில உக்காந்துதான ரெண்டு பேரும் எழுதினோம்?

தென்னரசு: நம்ம ஊரு பேர, ஆரணின்னாவது வையேன். ஆரணிப் பட்டுன்னா எல்லாருக்கும் தெரியும். பேர மாத்தினா எங்க கம்பெனியே எரநூறு பேர சைட்டுல சேத்து வுடறேன்னுது.

அமலா: ஆரணிக்கு ஏற்கெனவே பேரு இருக்குதுடா. நமக்குத்தான் இல்ல.

தென்னரசு: சரி, அத வுடு. சைட்டுல சேர்ற ஃபாரத்துல காலேஜ் பேர ஏன் தூக்கின?

அமலா: வர்றவன் இன்னா எழுதியிருக்கான்னு பாத்தா போதும். எங்க படிச்சான்னு இன்னாத்துக்கு?

தென்னரசு: அதத் தூக்கிட்டு, ஊரு, தெருவுன்னு கேக்கற! தெருவச் சொன்னா இன்னா ஆளுங்கன்னு தெரிஞ்சிடும்...

அமலா: கட்டாயம் இல்ல. சொல்லணும்னு இருக்கறவன் சொல்லட்டும். உனக்கு இன்னா பேஜாரு? போன மாசம் ஆபீஸ் கார்ல வந்தியே, எங்க எறங்கின?

தென்னரசு: ...பஸ் ஸ்டாப்புல.

அமலா: வாசல் வரைக்கும் ரோடு இருக்குது. கொட்டற மழையில லேப்டாப்ப சட்டைக்குள்ள வெச்சுகினு ஓடியாந்த!

தென்னரசு: காலேஜ் படிக்கறப்போ நீ மட்டும்...

அமலா: நானும் அங்கதான் எறங்கினேன். இப்ப நெனச்சாலும் எரியுது.

தென்னரசு: மேனேஜரு பதில் கேட்டுகினே இருக்காரு.

அமலா: காலையிலயே குடுத்துட்டேன். சைட்ட தொறந்து, அவருக்கு லிங்க்கும் அனுப்பிட்டேன். சொன்னா தடுப்பன்னுதான் உங்கிட்ட சொல்லல. திட்டணும்னா திட்டு.

தென்னரசு: திட்டறது இருக்கட்டும். யாராவது சேந்தாங்களா?

அமலா: மொத ஆளா ஒருத்தன் சேந்துகினான். பேரு போடல. ‘கிழக்குக் காலனி, ரெண்டாவது தெரு’ன்னு மட்டும் போட்டிருக்கான். நம்ம தெருவுல நமக்குத் தெரியாம யாருடா சாஃப்ட்வேர் எழுதறது?

தென்னரசு: நான்தான்க்கா. அந்த லிங்க்க மேனேஜரு எங்கிட்டதான் காட்டினாரு... அவரு பாத்துகினு இருக்கும்போதே போட்டேன். எங்க நீ பயந்துகினு பேர மாத்திடுவியோன்னுதான், வந்ததுலேர்ந்து ஆழம் பாத்துகினு இருக்கேன்.