அண்ணாச்சி, வெளியேத்து

ஈக்காட்டுத்தாங்கல் டிவி ஸ்டேஷன் தான சார்? நீங்க சொல்லவே வேணாம், குந்துங்க. முன்னால நின்ன வண்டியெல்லாம் தாண்டி நான் பூந்து வந்தேன் பாத்தீங்களா, உங்க மூஞ்சிய பாத்துட்டுதான். டெய்லி பாக்குறோமே. மூத்த பத்திரிகையாளர்னு கீய எயுத்து ஓடும், அடுத்தவன் பேசசொல்ல நீங்க தலைய ஆட்டிகினே இருப்பீங்க, பல்லு வலி வந்தவன் கணக்கா. கோச்சிக்காதீங்க சார், சோக்காதான் கீது.

இன்னிக்கி ஊடுருவல் பத்தி தான? மத்தியானத்துலேருந்து வெளம்பரம் போட்டுகினே கீறானுங்க. எதிர்ல யாரு, அய்யாதுரை அண்ணாச்சிதான? எப்டித் தெரியும்னா, அவரு கடைக்கு மூட்டை அடிக்கிறதே நம்ம வண்டிதான் சார். தி.நகர்ல கல்யாண ஜாக்கெட்டு கடை, கூடவே கட்சி. மாடில ஆரி ஒர்க் போடுவாங்க, அத்த மூட்டை கட்டி வடபழனி கிளைக்கு ஏத்திகினு போறது நானு. மந்தவெளில நாகராஜ் ஆட்டோன்னு கேளுங்க, சொல்லுவாங்க.

லஸ்ஸுல மெட்ரோக்குத் தோண்டிப் போட்டுகீறான் சார், சுத்திதான் போவணும். பேசிகினே போலாம்.

மாடில வேலை செய்யறது யாரா? இன்னா சார், தெரியாத மாதிரி கேக்குறீங்க. எல்லாம் பெங்காலிங்கதான். துணிய சட்டத்துல இஸ்து கட்டி, சுத்திக் குந்திகினு, ஊசியிலயே மயில் வரைவாங்க. பாதிப் பேரு கல்கத்தா பக்கம். மீதிப் பேரு அதுக்கும் அந்தப் பக்கம். அண்ணாச்சிக்குத் தெரியாமயா? ஆதார் கார்டு ரெடி பண்ணிக் குடுத்ததே அவரு ஆளுதான். ஆனா கேட்டுப் பாருங்க, எல்லாம் ஹிந்திக்காரப் பசங்கன்னுவாரு. அவருக்குக் கும்மிடிப்பூண்டி தாண்டிட்டா எல்லாமே ஹிந்திக்காரன்தான்.

அதுல ஒரு பொண்ணு, மஹ்விஷ்னு பேரு. அண்ணாச்சிக்கு அந்தப் பேரு வாய்க்குள்ள நொயயல. மகேசுன்னு வச்சிட்டாரு. கடை பூரா மகேசு மகேசுன்னுதான் கூப்புடுவாங்க. அவ போட்ட ஒர்க்குதான் சார் அண்ணாச்சி பொண்ணு கல்யாண ஜாக்கெட்டு. போட்டோ புடிக்க வந்தவன் பொண்ண வுட்டுட்டு முதுகையே புடிச்சிகினு இருந்தான்.

போன வருசம் ஹிந்தி எதிர்ப்பு ஆர்ப்பாட்டம் போட்டாரு பாருங்க அண்ணாச்சி, அதுக்குக் கூட்டம் வேணும். கவுண்டர்ல நிக்கிற நம்ம பொண்ணுங்க வெயில்ல குந்த மாட்டோம்னு சொல்லிச்சுங்க. வுடு, மாடிய எறக்குன்னுட்டாரு. எல்லாத்துக்கும் ஒரு பிரியாணி, ஒரு கருப்பு பனியன், நெஞ்சுல பெருசா எனக்கு ஹிந்தி தெரியாதுன்னு போட்டு. சிரிக்காதீங்க சார், அந்த பனியன் போட உண்மையா தகுதி கீறவங்க அவங்கதான். பெங்காலி பேசுறதுங்க, ஹிந்தி இன்னாத்துக்குத் தெரியும்? மேடைல குந்திகினு இருந்த ஒரு தலைவரு பேரன்தான் ஹிந்தி டியூசனுக்குப் போறான், நானே கொண்டாந்து வுட்டுகீறேன்.

இந்த வருசம் காத்து வேற பக்கம் அடிச்சிடுச்சு. இப்ப ஊடுருவல். அண்ணாச்சி பேசுனத கேக்கணும் நீங்க. நம்ம சோத்துல மண்ணு, நம்ம புள்ளைங்க தெருவுலன்னு கண்ணுல தண்ணி வச்சிகினாரு. அவரு சொந்தப் புள்ள கனடால கீது. சுத்திப் பாக்கப் போறேன்னு விசா வாங்கினு போனவன், ஒரு ஓட்டல்ல பூந்து தட்டு கயுவிகினு அங்கயே தங்கிட்டான். அத்த இன்னா சொல்றாரு தெரியுமா? பையன் செட்டில் ஆயிட்டான்றாரு. நம்மாளு போனா செட்டிலு, அடுத்தவன் வந்தா ஊடுருவல். நல்லா கீதுல்ல? இத்த நீங்க டிவில சொல்லுங்க, கைதட்டுவானுங்க. என் பேரு வேணாம்.

அந்த ஊடுருவல் கூட்டத்துக்கும் ஆளு வேணுமே? ஆமா சார். அதே மாடி. நீங்க வாயப் பொளக்காதீங்க, நான்தான் நாலு நடை அடிச்சேன். வெளியேத்து, வெளியேத்துன்னு மைக்ல ஒருத்தன் கத்துறான், இதுங்க எல்லாம் கைய தூக்கினு அதுக்கும் மேல கத்துதுங்க. அர்த்தமா? கடைத் தமிழுதான் அதுங்களுக்கு வரும், மேடைத் தமிழு யாரு சொல்லிக் குடுத்தா. அதுலயும் மகேசு குரலு தனியா கேக்குது. அது இன்னா நெனச்சிகினுதுன்னா, கீழ லோடுமேன் எல்லாம் கூலி ஏத்து கூலி ஏத்துன்னு ஒரு தபா கத்துனாங்க, கடைசில ஏத்திக் குடுத்தாங்க. அந்த ஏத்துதான் இந்த ஏத்துன்னு நெனச்சிகிச்சு. பெரிய மனுசங்க எல்லாம் மேடையேறி நமக்குக் கூலி ஏத்தச் சொல்றாங்களே, நல்லவங்கன்னு.

மறுநாளு நேரா அண்ணாச்சி முன்னால போய் நிக்குது. ஸ்டாப்பு கீறாங்க, கஸ்டமரு கீறாங்க. கும்பிட்டுகினு, சிரிச்சிகினு, கணீர்னு சொல்லிச்சு சார்: அண்ணாச்சி, வெளியேத்து.

கடையே சிரிச்சிது. அண்ணாச்சிக்கு மொதல்ல புரியல, என்னட்டி சொல்லுதன்னாரு. கூலி, அண்ணாச்சி, கூலி வெளியேத்துன்னு மறுபடி சொல்லிச்சு. அப்பதான் அவரு மூஞ்சி மாறுச்சு. அது மட்டும் கேட்டா பரவால்ல, பின்னால மாடி ஜனம் பூரா படிக்கட்டுல வந்து நிக்குதே. கூலி கேக்குற வரைக்கும் அவ மகேசு சார். கேட்ட அன்னிலேருந்து அந்நிய நாட்டுக்காரி.

போலீசு கடைக்கு வரல. அந்த மாடிப் படிக்கட்டப் பாத்தா மட்டும் போலீசுக்கு முட்டி வலி வந்துடும். மகேசு ஒருத்திதான் மாடில தங்காம வெளில குடியிருக்கிறவ, அங்க வந்தானுங்க. அன்னிக்கின்னு பாத்து, அந்த ஹிந்தி தெரியாது பனியன நைட்டி மேல போட்டுகினு, அடுப்புல டீ வச்சிகினு நிக்கிறா. இன்ஸ்பெக்டரு ஹிந்தில ஏதோ ரெண்டு வார்த்தை கேட்டாரு, அவருக்குத் தெரிஞ்சதே அவ்ளோதான். இது பேந்தப் பேந்த முயிக்குது. ஹிந்தி தெரியாதான்னாரு. இது நெஞ்சுல கீற எயுத்தைக் காட்டி, தெரியாது சார்னு சொல்லிச்சு, பெருமையா. இந்தியான்னா ஹிந்தி தெரியணுமேம்மா, அப்ப நீ இந்தியாவே இல்லன்னுட்டாரு. அவருக்குத் தெரியுமான்னு பக்கத்துல ஒரு ஆளு கேட்டான். எனக்கு எதுக்குடா தெரியணும், நான் தமிழன்னாரு.

ஹிந்தி தெரியாதுன்னு சொன்னா போன வருசம் பிரியாணி, இந்த வருசம் போலீசு வண்டி. இன்னா ஊரு சார் இது.

எனக்கு எப்டித் தெரியும்னா... அக்கம்பக்கத்துல பேசிகினாங்க.

நெசமாவே அந்தப் பக்கமான்னு கேக்குறீங்க. ஆமா சார். உங்களாண்ட பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது. அவங்க ஊர்ல ஆறு கரைய தின்னுகினே வந்து வூட்டையும் தின்னுட்டுது. மாமங்காரன் இந்தப் பக்கம் கூட்டியாந்து ஊசிய கைல குடுத்தான். தப்புதான், தப்பு இல்லன்னு நான் சொல்லல. கடைக்காரரு பண்ணதும் தப்பு தான சார்? வேலைக்கு வச்சவரு டிவில குந்திகினு கீறாரு, வேலை செஞ்சவ ஸ்டேஷன்ல குந்திகினு கீறா. நாளைக்கிக் காலீல முகாமுக்கு ஏத்துறாங்களாம். அங்க போய்ட்டா அப்பால பார்டருதான்.

இதோ சைதாப்பேட்டை தாண்டிட்டோம், டைமுக்குப் போய்டலாம்.

ஒண்ணு கேக்கணும் சார், தப்பா நெனச்சிக்காதீங்க. வெளம்பரம் போடசொல்ல நீங்களும் அண்ணாச்சியும் ஒண்ணா நின்னு டீ குடிப்பீங்களாமே? அண்ணாச்சி டிரைவரு சொல்லிகீறான். உள்ள அடிச்சிக்கிற மாதிரி அடிச்சிப்பீங்களாம், வெளில வந்தா தோள் மேல கை போட்டுப்பீங்களாம். நான் குத்தம் சொல்லல சார், அது உங்க தொயிலு. அந்த டீ குடிக்கசொல்ல ஒரு வார்த்தை அவராண்ட சொல்லுங்க. இன்ஸ்பெக்டருக்கு ஒரு போனு, அது என் கடைப் பொண்ணுதான்னு. அவரு சொன்னா வுட்டுடுவாங்க. கூலி எல்லாம் ஏத்த வேணாம், இனிமே வாயே தொறக்க மாட்டான்னு சொல்லுங்க. டிவில வேணா அவரு இஷ்டத்துக்குத் திட்டிக்கட்டும்.

நிகழ்ச்சிலயே அவர மடக்குறீங்களா? ஐயையோ, அது மட்டும் வேணாம் சார். உங்களுக்குக் கைதட்டு வரும், அவருக்குக் கோவம் வரும், போலீசு வண்டி காலீல வரைக்கும் கூட காத்திருக்காது. டீ போதும் சார். டீ குடிக்கசொல்ல மட்டும்.

நான் உள்ள வந்து கேமரா முன்னால சொல்றதா? வேணாம் சார். நான் பேசுனா, நீ யாருடா அவளுக்குன்னு கேப்பானுங்க.

அதான், நீங்களும் கேட்டுட்டீங்க.

பொண்டாட்டி சார். பொண்ணு ஒண்ணு கீது, ரெண்டாவது படிக்குது. அது டிவி பாத்துகினு கீறப்ப அம்மா மூஞ்சியோ பேரோ வந்துடக் கூடாது. அம்மா எங்கன்னு கேட்டுச்சு, ஊருக்குப் போய்கீதுன்னு சொல்லி வச்சிகீறேன். பொய்யும் இல்ல பாருங்க, அங்கதான அனுப்புறாங்க.

எறங்குங்க சார். அண்ணாச்சி வண்டி அதோ வந்து நின்னுடுச்சு, உங்களுக்குத்தான் கைய ஆட்டுறாரு.